கட்டி கரைந்தால் போதுமா?

கழுத்தில் நெறி கட்டுவது சகஜம். தொண்டைப் புண்ணுக்கும் கட்டும். சில நாளில் வற்றிவிடும். வற்றாமல் வாரக்கணக்கில் நின்றால் அது லிம்போமா என்னும் புற்றுநோயாகவும் இருக்கலாம். தாராவி, மாதுங்கா தமிழர்களுக்கு 1941 முதல் இயங்கும் பரேல் டாட்டா ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான். சிகிச்சைக்குப் போகத் தயங்குவதில்லை. கோளாறு அதற்குப் பிறகுதான்.

மாதக்கணக்கில் கீமோ ஊசி, கட்டி கரைகிறது. 'நோய் போய்விட்டது' என்று ஊருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். அதன்பின் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இது ஆபத்து. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். அவை 10 லட்சமாகக் குறைந்துவிட்டால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. தெரியவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு.

சி.டி. ஸ்கேனில் மிச்சமாகத் தெரியும் கட்டி வெறும் தழும்பாகவும் இருக்கலாம். சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களைப் பெட் ஸ்கேன் காட்டும். அதற்கு டாக்டர்கள் 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். 4, 5 வந்தால் நோய் மிச்சமிருக்கிறதா என்று மேலும் பார்க்க வேண்டும். 1, 2 வாங்கியவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. வேகமாக வளரும் வகையில் அது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் நடக்கிறது.

இதற்காக மாதாமாதம் ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. டாக்டர் குறித்த தேதியில் போய் உடம்பைக் காட்டினால் போதும். புதிய நெறி, இரவு வியர்வை, விடாத காய்ச்சல், எடை குறைவு இருந்தால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

செலவு என்பார்கள். டாக்டர் சான்றிதழ் இருந்தால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. சிகிச்சைக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் பரிசோதனைக்கும் இது உண்டு. ஊரோடு தங்கிவிட்டவர்கள் கேஸ் காகிதங்களுடன் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை அணுகலாம். 1954 முதல் அது இருக்கிறது.

லீவு கிடைக்காது என்பதுதான் பெரிய தடை. கான்டிராக்ட் தொழிலாளிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஊசி போடும் நாட்களுக்கு லீவு தரும் முதலாளி, பரிசோதனை நாளுக்கும் தரவேண்டும். பொங்கல் விழாவுக்கு வசூல் செய்யும் நம் சங்கங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டிலுள்ள தேதியைத் தமிழில் படித்துச் சொல்லி, அந்த ஒரு நாள் கூலியையும் ஈடுகட்டலாம். சிகிச்சைக்குக் கொட்டிய பணமும் பட்ட வேதனையும் அந்த ஒரு நாளால் வீணாகக் கூடாது.