பனிக்கடலில் மறைந்த கப்பல்கள்

துருவக் கடலில் மாண்ட மாலுமிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நம் மாணவ நண்பர்கள் அவர்களது நெஞ்சுரத்தை வியக்கின்றனர். நானும் வியக்கிறேன். ஆயினும் அக்கதையில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு.

1845-ஆம் ஆண்டு வடமேற்குக் கடல்வழியைக் காண, எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் ஜான் பிராங்க்ளின் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். கப்பல்கள் பனியில் சிக்கின. 129 பேரில் ஒருவர்கூட மீளவில்லை. 1854-இல் ஜான் ரே என்பவர், அப்பகுதி வாழ் இன்யூட் மக்களிடம் கேட்டறிந்ததை இலண்டனுக்குத் தெரிவித்தார். மாலுமிகள் பட்டினியால் மடிந்தனர். இறந்தோர் உடலையும் உண்டனர் என்பதே அச்செய்தி. இலண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸே அம்மக்களின் சொல்லை நம்பலாகாது என்று எழுதினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளின் வெட்டுத் தழும்புகள் அச்சொல்லே மெய்யெனக் காட்டின. எரிபஸ் 2014-இல் அகப்பட்டது, அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த பகுதியிலேயே! டெரர் 2016-இல் அகப்பட்டது, பனிக்கு மேல் பாய்மரம் நீட்டியிருக்கக் கண்டதாக ஓர் இன்யூட் மனிதர் சொன்ன விரிகுடாவிலேயே!

1903-இல் அதே கடலுக்குச் சென்ற அமுண்ட்சன், இரண்டு குளிர்காலம் அம்மக்களருகே தங்கித் தோலாடை உடுத்தவும் நாய்வண்டி ஓட்டவும் கற்றார். 1906-இல் அவ்வழியைக் கடந்தார். 1911 டிசம்பர் 14-இல் நான்கு துணைவருடன் தென்துருவம் அடைந்து, அனைவருடனும் உயிரோடு திரும்பினார். கேட்டவர் பிழைத்தார்!

பனிக்கடலுக்கும் நமக்கும் என்ன உறவு என்பீர்கள். நான் மூணாறு மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பாலக்காட்டுக்குப் படிக்க வந்தபின் ஒரு பொங்கல் விடுமுறையில் ஊர் சென்றிருந்தேன். "காத்தும் இல்ல, மேகமும் இல்ல. ராத்திரி பள்ளத்துக் கொழுந்து கருகிப் போகும்டா" என்றார் பாட்டி. "செய்தியில் அப்படிச் சொல்லவில்லையே!" என்று நகைத்தேன். விடிந்தபோது பள்ளமெல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடந்தது. தெளிந்த வானில் தரையின் வெப்பம் விரைந்து வெளியேறும், குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்று பாடநூலில் படித்தது பிறகுதான். கொழுந்து கிள்ளியே காலம் கழித்த பாட்டி அதை என்றோ அறிந்திருந்தார்.

உறைபனி கொழுந்தைத்தான் கருக்கும். மழையோ உயிரையே கேட்கும். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. பலியானோர் 70 பேர். அவர்களுள் நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மழைமானியும் செயற்கைக்கோளும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவை கட்டாயம் வேண்டும். ஆனால் எந்த ஓடை கலங்குகிறது, எந்தச் சரிவில் புது ஊற்றுக் கிளம்புகிறது என்று நாள்தோறும் காண்பவர்கள் லயத்துப் பெண்களும் முதுவர்குடியினருமன்றோ? அவர்கள் சொல்வதைக் குறிக்கும் ஏடு மலையோர ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். அடைமழை நாட்களில் அதிகாரிகள் அதைப் படித்தாக வேண்டும். மலையிலிருந்து வந்து படிக்கும் நாமே, விடுமுறையில் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி, அந்த ஏட்டின் முதற்பக்கத்தைத் தொடங்கலாம்.

இன்யூட் மக்களின் சொல் மதிக்கப்பட 160 ஆண்டுகள் ஆயின. நம் மலைக்கு அத்தனை காலம் பொறுக்காது.