நம்ம ஊர் காருக்கு நாமே ஒரு அச்சு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டால், நம்மில் பாதிப்பேர் 'இளைஞனே, எழுந்து வா!' என்று கவிதை கொடுத்துவிடுவோம். மீதிப்பேர் நேரம் தவறாமை பற்றி ஒரு பக்கம் எழுதி, அதையும் கடைசி தேதி தாண்டித்தான் கொடுப்போம். நான் பொம்மைக் காரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பொம்மைக் கார் என்றால் பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற சமாச்சாரம் இல்லை. 'ஸ்கேல் மாடல் கிட்' என்பார்கள். பெட்டியைத் திறந்தால் பாடி தனி, சேஸிஸ் தனி, சக்கரம் தனி, ஸ்டியரிங் தனியாக இருக்கும். அரத்தால் தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாம்தான் காராக்க வேண்டும். அமெரிக்காவில் ஏ.எம்.டி. கம்பெனி 1958-லேயே அந்தந்த வருஷத்துக் கார்களை 1:25 அளவில் கிட்டாகப் போட்டது. ஜப்பானின் டாமியா 1:24-இல் போடுகிறது. உலகத்துக் கார் எல்லாம் கிட்டாக வந்தாகிவிட்டது. சரி, நம்ம ஊர் கார்?

நம்ம ஊர் காரா, அது எது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஹூண்டாய்க்கும் ஃபோர்டுக்கும் ரொம்ப முன்னாலேயே இந்த ஊரில் கார் உண்டு. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் 1903-இல் நீராவிக் கார் கட்டியிருக்கிறார்கள். இன்று பஸ்ஸுக்கும் லாரிக்கும் பேர் போன அசோக் லேலண்ட், 1948-இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 காரைத்தான் முதலில் பூட்டியது. இதையெல்லாம் விட நம் தாத்தாக்கள் காலத்து அடையாறு, மயிலாப்பூர் வீட்டு வாசல்களில் நின்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உடம்பு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். இங்கிலாந்தில் அது கடைசிவரை இரண்டு கதவுக் கார்தான். நம்ம பெருங்களத்தூர்க்காரர்கள்தான் 1960-களின் பின்பகுதியில் நம் குடும்பங்களுக்கேற்ற மாதிரி நாலு கதவு வைத்தார்கள். அதன்பின் கெசல் வந்தது, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-இல் உற்பத்தியே நின்றுபோனது. தொழிற்சாலை நின்ற இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள்.

அந்த நாலு கதவு ஹெரால்டைக் கிட்டாக டாமியா போடுமா? போடாது. பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங்குக்கு ஸ்டீலில் 'டை' வெட்ட வேண்டும். லட்சக்கணக்கில் செலவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். நமக்கோ முப்பது போதும். முப்பது பேருக்கு எந்தக் கம்பெனியும் டை வெட்டாது. ஆகவே வேண்டியவர்களே கூடிச் செய்துகொள்ள வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஜான் டே போன்றவர்கள் 1970-களின் தொடக்கத்தில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, 1:43 அளவில் கார் கிட்டுகளைச் சிறு பட்டறையிலேயே செய்தார்கள். ஜப்பானில் 1980-களில் சிலிகான் ரப்பர் அச்சும் ரெசினும் வைத்து வீட்டிலேயே செய்ததற்கு 'கராஜ் கிட்' என்றே பேர் வந்தது. அதற்கென்று பெரிய திருவிழாவே நடக்கிறது. கல்கத்தாவுக்கு 1960-களின் கடைசியில் இங்கிலாந்து டிங்கி டாய்ஸின் பழைய டைகள் வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பேரில் கார்கள் வார்க்கப்பட்டன. அச்சு யார் கையில் இருக்கிறதோ, கார் அவர்களுடையது!

நாங்கள் ஐந்து பேர் போன வருஷம் இதில் இறங்கினோம். முதலில் சண்டை. அம்பாசடர்தான் வேண்டும் என்றான் ஒருவன். அம்பாசடர் பொம்மை பாண்டி பஜாரிலேயே கிடைக்கும், அதற்கு நாம் எதற்கு என்று ஒரு வழியாக அவன் வாயை அடைத்தோம். அடுத்தது அளவுச் சண்டை. 1:24-ஆ, 1:43-ஆ? 1:43 என்பது என்ன கணக்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பழைய 'ஓ' கேஜ் பொம்மை ரயிலில் ஓர் அடிக்கு 7 மி.மீ. அடியை 304.8 மி.மீ. என்று வைத்து 7-ஆல் வகுத்துப் பாருங்கள், நாற்பத்து மூன்றரை வரும். டிங்கி கார்கள் அந்த ரயிலுக்குப் பக்கத்தில் நிற்க வந்தவை. ஹெரால்டின் நீளம் 3886 மி.மீ., வீல்பேஸ் 2324 மி.மீ. 1:43-இல் நீளம் 90 மி.மீ.தான் வரும், கைக்குள் அடங்கிவிடும். 1:24 என்றால் 162 மி.மீ. எங்களுக்குக் கை நடுங்குகிற வயசில்லை என்றாலும் அனுபவம் இல்லை, அதனால் பெரியதையே எடுத்தோம்.

மயிலாப்பூர் சந்து ஒன்றில் ஒரு நாலு கதவு ஹெரால்டு கவர் போட்டு நின்றது. வீட்டு மாமாவிடம் போய், "மாமா, வண்டியை அளந்துக்கலாமா?" என்று கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "வாங்கப் போறேளா, இல்லே எடைக்குப் போடப் போறேளா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஃபில்டர் காபி கொடுத்து, கவரையும் அவரே கழற்றினார். டேப், பிளம்ப் பாப், அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட்டு என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். முதல் செமஸ்டர் டிராயிங்கில் மூன்று வியூ போடச் சொன்னபோது திட்டியவர்கள்தான் நாங்கள். பக்கவாட்டு வியூவில் கூரை ஒரு கோட்டில், முன்வியூவில் வேறு கோட்டில் வந்து நின்றபோதுதான் லெக்சரர் ஏன் கத்தினார் என்று புரிந்தது. ஒருத்தன் அங்குலத்தில் எழுதியிருந்தான், ஒருத்தன் மில்லிமீட்டரில் எழுதியிருந்தான்!

அடுத்து மாஸ்டர். பாடியைப் பிளாஸ்டிக் ஷீட்டிலும் புட்டியிலும் ஒரே ஒரு தடவை கையால் செய்து, அதன் மேல் சிலிகான் ரப்பரை ஊற்றினால் அச்சு. முதல் அச்சு ஊற்றி மூன்று நாளாகியும் பாயசம் மாதிரியே இருந்தது. ஏன் தெரியுமா? ஓரத்தை அடைக்க நாங்கள் வைத்த களிமண்ணில் கந்தகம் இருந்தது. பிளாட்டினம் வகைச் சிலிகானுக்குக் கந்தகம் ஆகாது, கெட்டிப்படவே விடாது. வாங்கிய ரப்பர் முழுதும் குப்பைக்குப் போனது. இரண்டாவது அச்சு பிரமாதம். ஆனால் நாங்கள் ரெசின் ஊற்றியது நவம்பர் மாதம், வெளியே அடைமழை. பாலியூரித்தேன் ரெசினில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பும். கழற்றிப் பார்த்தால் ஹெரால்டு இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக உப்பியிருந்தது. மெட்ராஸ் மழை நமக்கு எதிரி என்று அந்த ரெசின் டப்பாவில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஜனவரியில் ஊற்றியது ஒழுங்காக வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ரெசின் ஆவி மூச்சுக்கு ஆகாது. முகமூடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். ஹாஸ்டல் அறையில் வேண்டவே வேண்டாம்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இதை ஒருத்தன் தனியாகச் செய்ய முடியாது. ஆனால் டிப்ளமோ மாணவர்கள் சேர்ந்தால் இந்த ஊரில் முடியாதது எதுவும் இல்லை. வைப்பர், கிரில் போன்ற நுணுக்கமான பாகங்களைப் பித்தளைத் தகட்டில் அரித்து எடுக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் பி.சி.பி. செய்ய ஃபெர்ரிக் குளோரைடில் போட்டு அரிப்பார்களே, அதே வேலைதான். நம்பர் பிளேட், எழுத்து ஸ்டிக்கருக்கு அச்சுத் தொழில்நுட்ப நண்பன் வேண்டும். ரெசின் ஏன் பொங்கியது என்று சொல்ல ரசாயனத் தொழில்நுட்ப நண்பன் வேண்டும். தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பம், ரசாயனத் தொழில்நுட்பம், ஜவுளித் தொழில்நுட்பம், மகளிர் பாலிடெக்னிக் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கிண்டியில் 1968 முதல் சிபெட் இருக்கிறது, பிளாஸ்டிக்குக்கென்றே. அச்சு வித்தைக்கு வெளிநாடு போகவே வேண்டாம். நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் விற்கிற கொலுப் பொம்மை எல்லாம் அச்சில் வந்தவைதான். பொம்மை சிக்காமல் அச்சிலிருந்து கழன்று வர எங்கே பிரிக்க வேண்டும் என்று அந்தப் பொம்மைக்காரர்களுக்குக் கை சொல்லும். எனக்கு அது புரிய இரண்டு அச்சு கிழிந்தது.

இவ்வளவும் பக்கத்தில் இருக்க, நாம் என்ன செய்கிறோம்? தி.நகர் பக்கம் போய் 'ரெடிமேட்' புராஜெக்ட் வாங்குகிறோம். வயரைச் சொருகி, பல்பு எரிந்தால் வைவா முடிந்தது. நானும் வாங்கலாமா என்று விலை விசாரித்தவன்தான், மறைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கில் எங்கள் இரண்டாவது அச்சு முடிந்தது. உப்பிப் போன அந்த இட்லி ஹெரால்டை வைவாவில் வைத்தால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். வாங்கிய புராஜெக்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச முடியுமா?

"இப்பத்தான் த்ரீ-டி பிரிண்டர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, மாஸ்டர் செய்ய அது ரொம்ப நல்லது. ஆனால் கோடு கோடாக வருவதைத் தேய்க்க ஒரு வாரம் ஆகும். முப்பது பிரதிக்கு முப்பது வாரம் தேய்ப்பீர்களா? ஒன்றைத் தேய்த்து அச்செடுத்தால் போதும், ஓர் அச்சு கிழிவதற்குள் இருபது, முப்பது எடுத்துவிடலாம். "அடுத்தவன் கிட்டை வாங்கி அச்செடுத்துக்கலாமே" என்று கேட்டவனும் உண்டு. அது திருட்டு. ஜப்பான் திருவிழாவில்கூட உரிமைக்காரரிடம் அந்த ஒரு நாளைக்கென்று அனுமதி வாங்கித்தான் மேசை போடுகிறார்கள். நாங்கள் விற்பதாக இல்லை. ஆளுக்கு ஒன்று, அந்த மாமாவுக்கு ஒன்று என்றுதான் பேச்சு.

அந்த மாமா விஷயம்தான் மனசைப் பிசைகிறது. டேஷ்போர்டும் பின்கதவுக் கைப்பிடியும் அளக்காமல் விட்டிருந்தோம். பரீட்சை, அப்புறம் கோஷ்டிச் சண்டை, அப்புறம் லீவு. ஐந்து மாதம் கழித்துப் போனால் கவர் மட்டும் மடித்துத் திண்ணையில் இருந்தது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்களாம், வண்டியை நிறுத்த இடமில்லை, எடைக்குப் போட்டுவிட்டார்கள். "நீங்க முன்னாடியே வந்திருக்கப்படாதாப்பா?" என்றார். புதுப்பேட்டை முழுக்க இரண்டு நாள் அலைந்தோம். ஒரு கைப்பிடிகூடக் கிடைக்கவில்லை. இப்போது அந்த வண்டியில் மிச்சம் இருப்பது எங்கள் நாற்பது பக்க நோட்டும், அச்சும், பின்கதவுக் கைப்பிடி இல்லாத நாலு ரெசின் பாடிகளும்தான்.

உங்கள் தெருவில், உறவுக்காரர் வீட்டில், எங்காவது மெக்கானிக் ஷெட்டின் பின்னால் நாலு கதவு ஹெரால்டு நின்றால் இந்த வாரமே சொல்லுங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒர்க்ஷாப் வாசலில் இருப்பேன். டேப் என்னிடம் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸில் இருந்து ஒருத்தரும் ரசாயனத் தொழில்நுட்பத்தில் இருந்து ஒருத்தரும் கூட வந்தால் நல்லது. அடுத்த மழைக்கு முன்னால் ஊற்றியாக வேண்டும்.