பெயிண்டுக்குப் பணம், கிரீஸுக்குக் கஞ்சத்தனம்

பி.காம். முதல் வருஷத்திலேயே வந்துவிடும் பாடம் ஒன்று உண்டு. மூலதனச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. இயந்திரம் வாங்கினால் முதலாவது, அதற்கு எண்ணெய் ஊற்றினால் இரண்டாவது. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு மார்க்கைக் கோட்டை விடுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் வீட்டு கராஜில் 1950, 60களின் ஃபோர்டோ, செவ்ரோலெட்டோ, டாட்ஜோ ஒரு பிக்கப் டிரக் நிற்கும். பெயிண்டுக்குப் பல ஆயிரம் டாலர் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். முன் சக்கர மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார்கள்.

பிக்கப் என்றால் முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. செவ்ரோலெட்டின் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை 1947ல் வந்தது. ஃபோர்டின் எஃப் வரிசை 1948ல் வந்தது, 1953ல் எஃப்-100 ஆனது. வாங்கியவர்கள் விவசாயி, தச்சர், பிளம்பர். வைக்கோல் கட்டும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றத்தான் இது செய்யப்பட்டது. கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் கேட்கும், ஹீட்டர்கூடத் தனியாகக் காசு கொடுத்தால்தான். கௌரவத்துக்காக யாரும் இதை வாங்கவில்லை.

இந்த வண்டியின் உண்மையான சொத்து என்ன? அழகா? இல்லை. சொந்தக்காரரே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். முன் மூடியைத் தூக்கினால் வரிசையாக ஆறு சிலிண்டர் எஞ்சின், பக்கத்தில் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவே தரை தெரியும், அவ்வளவு இடம். 1965ல் வந்து 1996 வரை தயாரான ஃபோர்டின் 300 கன அங்குல எஞ்சினில் டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயினும் கிடையாது. பல்சக்கரத்தோடு பல்சக்கரம். செவ்ரோலெட் வி8 டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்ன ஜன்னலே வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போதே அதன் வழியாக ஆலன் சாவியை விட்டு பாயிண்ட்டைச் சரி செய்யலாம். அவசரத்துக்குத் தீக்குச்சி அட்டையை நடுவில் வைத்து பாயிண்ட் இடைவெளி பார்த்து வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

ஆக, இந்த வண்டியைக் காப்பாற்றுவது என்றால் அந்தக் குணத்தைக் காப்பாற்றுவது. அதைக் கெடுப்பவர்கள் மூன்று ரகம்.

முதல் ரகம், பளபளப்புக்காரர். தொழிற்சாலையில்கூட அப்படி ஒரு பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். தொட்டியின் மரப்பலகைக்கு வார்னிஷ் போட்டு, அதன் மேல் ஒரு பை வைக்கக்கூட விடமாட்டார். வருஷத்தில் இரண்டு நாள் கண்காட்சிக்கு, அதுவும் இன்னொரு டிரக்கின் பின்னால் டிரெய்லரில் ஏறிப் போகும். பாரம் சுமக்க வேண்டியது பாரமாகிவிட்டது!

இதில் கொடுமை என்னவென்றால், ஓட்டாமல் வைப்பது பாதுகாப்பே இல்லை. நின்ற பெட்ரோல் கெட்டுப் பிசினாகி கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைக்கும். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி சக்கர சிலிண்டரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இன்று அமெரிக்க பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, மாற்றியே ஆகவேண்டும். இவை எல்லாம் சில்லறைச் செலவு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத செலவு. கண்ணுக்குத் தெரியாததற்குப் பரிசு கிடைக்காதே!

இரண்டாவது ரகம், 'ஒரு நாள் செய்வேன்'காரர். வீட்டுப் பின்புறம் புல்லுக்குள் டிரக் நிற்கும். கேட்டால் விற்கமாட்டார், கேபினின் கீழ் மூலைகளைத் துரு தின்றுகொண்டிருந்தாலும் கை வைக்கமாட்டார். 'இதோட மதிப்பு எனக்குத் தெரியும்' என்பார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிற கணக்கு. ஆனால் தகரம் யானை இல்லை. முதலில் கதவுக்குக் கீழே உள்ள பகுதி போகும், அப்புறம் தரைத் தகடு, கடைசியில் சட்டம். சட்டம் போனால் மிஞ்சுவது காயலான் கடை எடை விலை. தேய்மானத்தைப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால் தேயாமல் இருக்குமா என்ன?

மூன்றாவது ரகம்தான் இன்றைய ஃபேஷன். பழைய எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புது வி8 எஞ்சினை இறக்குவது. வேகம் கிடைக்கிறது, குளிர்காலத்தில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, மறுப்பதற்கில்லை. பழைய எஞ்சின் வெடித்துச் செத்துப்போன வண்டிக்கு இதைச் செய்தால் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நன்றாக ஓடும் எஞ்சினை ஏன் பிடுங்க வேண்டும்? நடுரோட்டில் சென்சார் ஒன்று மண்டையைப் போட்டால் ஸ்குரூடிரைவரும் தீக்குச்சி அட்டையும் உதவாது. வெளியே 1956, உள்ளே பூட்டிய பெட்டி.

இப்போது எதிர்க்கட்சி வாதம். 'அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? ஒரு போல்ட்கூட அசலாக இருக்கணுமா?' இல்லவே இல்லை. இந்த 'அசல்' வெறியும் ஆபத்தானதுதான். 1967க்கு முந்தைய பெரும்பாலான பிக்கப்புகளில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போச்சு, பெடல் தரையைத் தொடும். 1967 வாக்கில்தான் இரண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் வந்தது. அதை ஒரு பழைய டிரக்கில் பொருத்துவது மலையைப் புரட்டும் வேலை அல்ல. சீட் பெல்ட் போடுவதும் அப்படித்தான். 'தொழிற்சாலையில் இல்லாததை நான் போடமாட்டேன்' என்று பெருமை பேசுகிறவர் பக்கத்து சீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மாற்றத்துக்கு ஒரு எளிய அளவுகோல் போதும். மாற்றிய பிறகும் சொந்தக்காரர் கையால் அதைக் கழற்றி மாட்ட முடியுமா? முடியுமென்றால் தாராளமாக மாற்றலாம்.

'பழைய வண்டி புகை கக்குமே, சுற்றுச்சூழல்?' நியாயமான கேள்வி. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வருவதற்கு முந்தைய எஞ்சின்கள் இவை, அழுக்குதான். தினமும் ஐம்பது மைல் ஆபீஸுக்குப் போய்வர இது வேண்டாம். ஆனால் சனிக்கிழமை மரம் ஏற்றப் போகும் வண்டியை ஒழுங்காக ட்யூன் செய்து வைத்தால் கக்கும் புகை கணிசமாகக் குறையும். அதுவும் பராமரிப்பு வேலைதானே, பளபளப்பு வேலை இல்லையே! பிரேக் பழுது பார்க்கும்போதும் இதே புத்தி வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரமாக்கித் துடைக்க வேண்டும் என்பது பெயிண்ட் கலர் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமான அறிவு.

இதெல்லாம் யாரோ சில பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை என்று விட்டுவிடலாமா? முடியாது. 2012ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காரைப் பழுது பார்க்கத் தேவையான தகவலையும் கருவியையும் கம்பெனிகள் சொந்தக்காரருக்கும் வெளிப் பட்டறைக்கும் விற்றே ஆகவேண்டும் என்று. 2020ல் வண்டி வயர்லெஸ்ஸில் அனுப்பும் தகவலுக்கும் சேர்த்து மறுபடி ஓட்டுப் போட வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்கிய சொந்த வண்டியைத் திறந்து பார்க்கத் தேர்தல்! அந்த உரிமை பேச்சில் இல்லாமல் இரும்பில் இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சிதான் இந்தப் பழைய டிரக்குகள். சாட்சியை மெழுகு பூசி நிறுத்தினால் அது வெறும் பொம்மை.

கைப்பழக்கமும் கூடவே போகிறது. கார்புரேட்டரைப் பிரித்து மிதவை மட்டம் வைப்பது, பாயிண்ட் இடைவெளி பார்ப்பது, பழைய தட்டை டாப்பெட் எஞ்சினுக்கு துத்தநாகம் போதுமான அளவு உள்ள எண்ணெய்தான் வேண்டும் என்று தெரிந்து ஊற்றுவது, இதெல்லாம் கையேட்டைப் படித்தால் மட்டும் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஓடாத வண்டியில் கற்றுக்கொள்ள எதுவும் பழுதாகாது, பழுதாகாததைச் சரி செய்யக் கற்கவும் முடியாது.

ஆகவே, கராஜில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடுத்த கோட் பெயிண்டைத் தள்ளிப் போடட்டும். அந்தக் காசில் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒரு கிரீஸ் கன் வாங்கட்டும். பக்கத்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொல்லட்டும். வேலை முடிந்ததும் தொட்டியில் நாலு மூட்டை மண் ஏற்றட்டும். கீறல் விழும். விழட்டும்.