எங்கே போறேன்னு கேட்காதே!

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போறே?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. என் பாட்டி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், போனவரை உள்ளே கூப்பிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, இரண்டு நிமிஷம் உட்காரவைத்துத்தான் மறுபடி அனுப்புவார். 'தூரமா?' என்று கேட்கலாம். 'இதோ வந்துடறேன்' என்று பதில் சொல்லலாம். அதோடு சரி.

மூடநம்பிக்கைதான். ஆனால் அதற்குள் ஒரு நாகரிகம் இருந்தது. ஒருவர் எங்கே போகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அடகுக் கடைக்குப் போகலாம். டாக்டரிடம் போகலாம். கடன் கேட்கப் போகலாம். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் மனைவியும் காஞ்சிபுரம் போனோம். காமாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஆட்டோ ஏறினோம். 'காந்தி ரோடு' என்றோம். ஆட்டோக்காரர், 'நல்ல கடையா நானே கூட்டிட்டுப் போறேன் சார்' என்றார். எந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'வேணாங்க, நாங்க சொல்ற இடத்துல விடுங்க' என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். கணக்கு முடிந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கும்போது என் போன் கேட்கிறது, 'இன்று நீங்கள் போன கடை எப்படி இருந்தது? எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்?' நான் போனிடம் கடையின் பெயரைச் சொல்லவில்லை. போட்டோ எடுக்கவில்லை. பணத்தைக்கூட ரொக்கமாகத்தான் கொடுத்தேன். 'உனக்கு யாருப்பா சொன்னது?' என்று நான் கேட்க முடியாது. ஆட்டோக்காரர் என்னிடம் கமிஷன் பார்க்க முயன்றார், நான் மறுத்தேன். என் பாக்கெட்டில் இருந்த இன்னொரு புரோக்கர் நாள் பூரா கூடவே வந்திருக்கிறார், மறுக்க எனக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை.

அது எந்தக் கம்பெனி போன் என்பது முக்கியமில்லை. எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

சாட்டிலைட் மேல் பழி போடாதீர்கள்

பலரும் நினைப்பதுபோல மேலே சுற்றுகிற சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது கோயில் மணி மாதிரி. அடிக்கும். யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நான்கு சாட்டிலைட்டுகளின் குரலை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது நம் போன். போதாததற்கு, பக்கத்து செல்போன் டவர், பக்கத்துக் கடையின் வைஃபை என்று எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கும்.

கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. வழி காட்ட வேண்டுமென்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட கணக்கை யாரிடம் போய்ச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. வரதராஜர் கோயில் விட்டத்தில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. வருகிற எல்லோரையும் பார்க்கின்றன, ஆனால் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை.

நம்பச் சொல்கிறார்கள். சரி, பழைய ரெக்கார்டைப் பார்ப்போம்.

2011 ஏப்ரலில் ஆப்பிள் மாட்டிக்கொண்டது. ஐபோன் இருந்த இடங்களைக் காட்டக்கூடிய பதிவு, ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கானது, எந்தப் பூட்டும் இல்லாமல் போனுக்குள்ளேயே கிடப்பதை இரண்டு பேர் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 'அது போனின் இடம் அல்ல, சுற்றியுள்ள டவர், வைஃபை பட்டியல்தான். அவ்வளவு நாள் வைத்திருந்தது மென்பொருள் பிழை' என்று சொல்லி ஆப்பிள் திருத்திக்கொண்டது.

2017 நவம்பரில் கூகுள். லொகேஷனை அணைத்து வைத்தாலும், சிம் கார்டே இல்லாவிட்டாலும், ஆண்ட்ராய்டு போன்கள் பக்கத்து டவர்களின் அடையாளத்தை கூகுளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன என்று 'குவார்ட்ஸ்' இதழ் அம்பலப்படுத்தியது. நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள்.

2018 ஆகஸ்டில் மறுபடி கூகுள். 'லொகேஷன் ஹிஸ்டரி' என்ற பொத்தானை அணைத்தால் போன இடங்கள் சேமிக்கப்படாது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் வேறு பெயரில் இருந்த இன்னொரு பொத்தான் வழியாகச் சேமிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைப் போட்டு உடைத்தது. முன்வாசலைச் சாத்திவிட்டோம் என்று நாம் நிம்மதியாகத் தூங்க, கொல்லைப்புறம் திறந்தே கிடந்திருக்கிறது.

இதற்காக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டு கூகுள் 39.15 கோடி டாலர் கொடுத்தது. பெரிய தொகையாகத் தெரிகிறதா? அந்த ஆண்டு அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் சுமார் 28,280 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள். அபராதம் அரை நாள் வருமானம்! டிராஃபிக் போலீஸிடம் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு அதே ஒன்வேயில் மறுபடி போகிற கதை.

போன் கம்பெனி ஒழுங்காக இருந்தாலும், அதில் நாம் ஏற்றுகிற ஆப்கள் இருக்கின்றன. தொழுகை நேரமும் திசையும் காட்டுகிற 'முஸ்லிம் ப்ரோ' என்ற ஆப் வழியாகப் போன இருப்பிடத் தகவல், எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்தின் கைக்குப் போனதையும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குத் தகவல் விற்று வந்ததையும் 2020-ல் 'மதர்போர்டு' இதழ் வெளிக்கொண்டுவந்தது. சாமி கும்பிட உதவுகிற ஆப்! அந்தத் தரகு நிறுவனம் ஆஸ்பத்திரி, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்கு யார் போனார்கள் என்பதை இனி விற்கக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் கட்டளையிட 2024 ஜனவரி ஆனது.

'எனக்கு மறைக்க என்ன இருக்கு?'

இப்படிக் கேட்கிற நல்லவர்கள் எங்கும் உண்டு. உங்களுக்கு ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே மற்றவர்களைப் பாருங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி, தன் முதலாளிக்குத் தெரியாமல் இன்னொரு முதலாளியிடம் கூலி பேசப் போகிறார். அது தெரிந்தால் அவர் தறிக்கு அடுத்த மாதம் பாவு வராது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போகிறாள், அல்லது யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரிடம் போகிறாள். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது இதே மாவட்டத்தில்தான். முக்கியக் கோரிக்கை, 'எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள்.' ஊர்வலம் போகக் கிளம்பியவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. போன் வழியாக அவர்களை யாரும் வேவு பார்த்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் யார் யாரை எங்கே எப்போது சந்தித்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தேவைப்படுகிற சரக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இதே சுங்குவார்சத்திரத்தில்தான் ஃபாக்ஸ்கான் ஐபோனைப் பூட்டுகிறது. முன்பு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா இருந்தது. 2006-ல் வந்தது, 2014-ல் மூடிக்கொண்டு போனது. உலகத்துக்கே போன் செய்து அனுப்புகிற மாவட்டம் இது. போன் இங்கே பூட்டப்பட்டாலும், அதற்குள் இருக்கிற சட்டதிட்டம் கலிபோர்னியாவில் எழுதப்படுகிறது. அதைப் படித்துப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த மட்டும் உரிமை உண்டு.

இந்தப் பக்கம் அரசாங்கம்

கம்பெனியை நம்பக் கூடாது என்றதும், 'அப்ப கவர்ன்மென்ட் பாத்துக்கட்டும்' என்று சிலர் கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2025 டிசம்பர் 5-ம் தேதி ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டவரை வைத்துச் சொல்லும் இடம் துல்லியமாக இல்லை. எனவே எல்லா ஸ்மார்ட்போனிலும் சாட்டிலைட் லொகேஷன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை அணைக்கிற வசதியே பயனாளிக்கு இருக்கக் கூடாது என்று ஜியோவும் ஏர்டெல்லும் அங்கம் வகிக்கும் செல்போன் சேவை நிறுவனங்களின் சங்கம் யோசனை சொல்ல, மத்திய அரசு அதைப் பரிசீலிக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. இடத்தைச் சேவை நிறுவனம் பார்க்கும்போது போன் திரையில் எச்சரிக்கை காட்டுமே, அதையும் நிறுத்தச் சொன்னார்களாம். பார்ப்பதோடு, பார்ப்பதும் தெரியக் கூடாதாம்!

ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் எதிர்த்தன. செய்தி வந்தபோது அரசு முடிவு எதுவும் எடுத்திருக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், எல்லா புது போனிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பைக் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவை, எதிர்ப்புக்குப் பிறகு அரசு வாபஸ் வாங்கியிருந்தது.

அந்த வாரம் பலர் போன் கம்பெனிகளைப் பாராட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் கம்பெனிகள் சொன்னது சரி. நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டை ஓநாயிடமிருந்து காப்பாற்றுகிறவர் எல்லாம் ஆட்டின் தோழர் இல்லை. கசாப்புக் கடைக்காரரும் காப்பாற்றுவார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் அமர்வு சொல்லிவிட்டது. ஜாமீனில் போன ஒருவர் கூகுள் மேப்பில் தன் இடத்தைப் போலீஸுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று போட்ட நிபந்தனையை 2024 ஜூலையில் அதே கோர்ட் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டவரையே இப்படிப் பின்தொடரக் கூடாது என்றால், ஒரு குற்றமும் செய்யாத நம்மை?

ஆனால் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். இருப்பிடத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. மத்திய அரசு, தான் விரும்புகிற அரசு அமைப்புக்கு முழு விலக்கே கொடுத்துக்கொள்ளலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம். ஒரு மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். மேலே சொன்ன ஆல்ஃபபெட் கணக்கில் ஒரு மணி நேர வருமானம்கூடத் தேறாது.

சரிகைக்கு உண்டு, போனுக்கு இல்லையா?

காஞ்சிபுரத்தில் சரிகையை யாரும் வாய் வார்த்தையில் நம்புவதில்லை. சிவப்புப் பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்கம். சுத்தச் சரிகை என்று கடைக்காரர் சத்தியமே செய்தாலும், எக்ஸ்-ரே கருவியில் வைத்தால் வெள்ளி எத்தனை, தங்கம் எத்தனை என்று அது சொல்லிவிடும். புவிசார் குறியீடு, சில்க் மார்க் எல்லாம் எதற்கு வந்தன? வாங்குகிறவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்பதற்காக. நேர்மையான வியாபாரி சோதனைக்குப் பயப்படுவதும் இல்லை.

ஆக, போன் கம்பெனிகளை நம்பலாமா என்று கேட்பதே பிசகு. ஏன் நம்ப வேண்டிய நிலையில் நம்மை வைத்திருக்கிறார்கள் என்று கேட்போம். எனக்கு வேண்டியது நாலே நாலு.

ஒன்று, அணைத்தால் அணைய வேண்டும். ஒரே பொத்தான், கொல்லைப்புறம் கிடையாது. இரண்டு, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாடலும் என்ன தகவலை யாருக்கு அனுப்புகிறது என்று சுதந்திரமான ஆய்வுக்கூடம் சோதித்து, தமிழில் டப்பா மேலேயே அச்சிட வேண்டும். மூன்று, போலீஸுக்கு ஒருவரின் இருப்பிடம் தேவையென்றால் நீதிபதி உத்தரவு வேண்டும். இப்போது ஒட்டுக்கேட்பு உத்தரவுகளில் கையெழுத்துப் போடுவது உள்துறைச் செயலாளர்தான். அரசின் ஆசையை அரசே அனுமதிக்கிற ஏற்பாடு இது. நான்கு, அபராதம் வருமானத்தின் சதவிகிதத்தில் இருக்க வேண்டும். வலிக்காத அடிக்குப் பெயர் தண்டனை இல்லை.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது செய்வோம். இன்றைக்கு ராத்திரி போனில் செட்டிங்ஸைத் திறந்து, எந்தெந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? வழி காட்டும் ஆப்புக்கு, பயன்படுத்தும்போது மட்டும். வானிலை சொல்லும் ஆப்புக்கு ஊர் தெரிந்தால் போதும், தோராய இடம் மட்டும் கொடுக்கிற வசதி இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் வழி தவறக் கூடாது என்றால் லொகேஷனைத் தாராளமாகக் கொடுங்கள். அதை நீங்கள் கொடுக்கிறீர்கள், யாரும் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 1979-ல் வெளியே வந்தார். பிறகு 2019 ஜூலை 1 முதல் தரிசனம் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் 17 அன்று மறுபடி குளத்துக்குள் போய்விட்டார். இனி 2059-ல்தான். பெருமாளுக்கே 40 வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருக்க இடம் கொடுத்த ஊர் அது. நமக்கு ஒரு 40 நிமிஷம்கூடக் கிடையாதா?