காத்திருப்புக்கும் ஒரு கெடு

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் என்றால் காற்றையும் பறவைகளையும் பேசுகிறோம். அத்தகைய இடங்களைக் கண்காணிக்கும் கணினிகளின் டிரைவர் மென்பொருளை யாரும் பேசுவதில்லை. பழைய ஏடிஏ வன்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்டுப்படுத்தி வேலையில் இருக்கும்போது நிலைப் பதிவேட்டின் 7ஆம் பிட்டை 1 ஆக்கும். அந்தப் பிட் 0 ஆக இறங்கும்வரை மற்றப் பிட்டுகளை நம்பக்கூடாது. இறங்கும்வரை முடிவின்றிச் சுற்றும் நிரலை எழுதுவது எளிது. ஆனால் பழுதான வன்தட்டு அதை இறக்காமலே இருந்துவிடலாம். அப்போது முழுக் கணினியும் உறைந்துவிடும். கெடு வைத்தால் மெதுவான நல்ல வன்தட்டையும் இழப்போமே என்பார்கள். நியாயமான கவலைதான்: நின்ற தட்டு சுழன்று தயாராகப் பல வினாடிகள் ஆகும். லினக்ஸ் வன்தட்டுக் கட்டளைக்கு இயல்பாக 30 வினாடி கொடுப்பது அதனால் எனக்குச் சரியாகவே படுகிறது. கெடு தாராளமாக இருக்கட்டும், இல்லாமல் இருக்கக்கூடாது. சில மைக்ரோவினாடிக் காத்திருப்பென்றால் சுற்றிப் பார்ப்பதே மலிவு. நீண்டதென்றால் செயலியை வேறு வேலைக்கு விட்டு, சாதனமே குறுக்கீட்டுச் சைகை அனுப்பும்வரை உறங்கவேண்டும். கெடு தாண்டினால் சாதனத்தை மீட்டமைத்துப் பார்த்து, அதுவும் பலிக்காவிட்டால் பிழையை மேலே சொல்லவேண்டும். திருத்துபவர் தாம்போதி கடந்து வரவேண்டிய தீவில், உறைந்த திரையைவிடத் தெளிவான பிழைச்செய்தி எவ்வளவோ மேல்.