ஒரே வாங்குநர்

கிழக்கிலங்கையின் ஆலையடிவேம்பு வயல்களுக்குப் பாயும் கல்லோயாத் தண்ணீர்தான் ஹிங்குராணையில் கரும்பையும் வளர்த்தது. 1949இல் தொடங்கிய குடியேற்றத் திட்டம் கல்லோயா. 1956 ஜூன் இனக்கலவரத்தில் தமிழர் இரத்தம் சிந்திய பள்ளத்தாக்கும் அதுதான். அந்த ஹிங்குராணையில் அரசு கட்டிய சீனி ஆலையை நம்பியே ஓர் ஊர் எழுந்தது. 1997இல் அந்த ஆலையை மூடினார்கள்.

நெல்லை மூட்டை கட்டி வைத்து, விலை ஏறியதும் விற்கலாம். வெட்டிய கரும்பு காத்திருக்காது; ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சீனிச்சத்து குறையும். ஆலை ஒன்றுதான் என்றால் விலை சொல்பவரும் ஒருவர்தான். பலர் நெல்லுக்கு மாறியதில் என்ன வியப்பு?

அரசும் தனியாரும் பங்காளிகளாகி 2012இல் ஆலையை மீண்டும் இயக்கினார்கள். நல்லது. ஆனால் இயந்திரத்துக்குப் போட்ட முதலீட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, கரும்பின் விலையை விவசாயியோடு உட்கார்ந்து தீர்மானிப்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.