வாக்குத்தத்த அட்டையும் எரேமியா 29-ஆம் அதிகாரமும்



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவன் போன் செய்தான். புத்தாண்டு ஆராதனையில் அவனுக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. பத்து மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை. "சார், வசனம் பொய்யா?" என்றான். குரல் உடைந்திருந்தது. என் மனைவி படுக்கையில் கிடந்த வருடம் நானும் கேட்ட கேள்விதான் அது.

"அதிகாரம் முழுசையும் வாசிச்சியாப்பா?" என்று கேட்டேன். இல்லை.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். பதினோராம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே 70 வருடம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்கிறது. நான் பார்த்த எந்த அட்டையிலும் இதெல்லாம் இல்லை!

அட்டை எடுப்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். என் வேதாகமத்துக்குள்ளும் பழைய அட்டைகள் பத்துப் பதினைந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்துக் கொடுப்பதும், நாமும் ஆமென் சொல்லி வாங்கிக்கொண்டு வருவதும் சரியில்லை. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அதற்காக அவர்களை மெச்சுகிறதே தவிர, அவிசுவாசிகள் என்று திட்டவில்லை.

தம்பி அன்றிரவே வாசித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். "எழுபது வருஷமா சார்?" என்று சிரித்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பி.காம். படித்தவன், டேலி தெரியும். உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் எனக்குத் தனியே செய்தி அனுப்புங்கள்.